மச்சினன் கொண்டுவந்த கம்பைலர்

ஆக. 19, செவ்வாய்

விடியலிலிருந்து காற்று. மலைமேல் மேகம் இறங்கி நிற்கிறது, ஊருக்குள் ஒரு சொட்டு இல்லை. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில்.

இன்று: சர்க்கரை மாத்திரை. கேஸ் சிலிண்டர் பதிவு. மாடித்தொட்டி மோட்டார். ஸ்டோர் நிரல்.

கடைசியில் எழுதியதை முதலில் செய்திருக்க வேண்டும்.

பல் விளக்கும்போது பழைய கேள்வி ஒன்று ஞாபகம். பன்னிரண்டாம் வகுப்பு. ரெட்டைச்சடைப் பெண், முந்தல் பக்கமிருந்து பஸ்ஸில் வருவாள். சி பிளஸ் பிளஸ் நடத்திக்கொண்டிருந்தேன். எழுந்து கேட்டாள்: "சார், பொருளை உருவாக்குறோம், உருவாக்குறோம்னு சொல்றீங்க. அது எப்ப சார் சாகும்?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வாடகை வீட்டை உதாரணம் சொன்னேன். நினைவகம் ஒரு தெரு. பொருள் என்பது குடியிருப்பவர். சுட்டு என்பது தபால்காரர் கையிலுள்ள முகவரிச் சீட்டு. குடியிருந்தவர் காலி செய்துவிட்டார், சீட்டு மட்டும் கையில் இருக்கிறது. தபால்காரர் போய்த் தட்டினால் பூட்டிய கதவு. அதுகூடப் பரவாயில்லை. புதிதாகக் குடிவந்தவர் கதவைத் திறந்து அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டால்?

நல்ல உதாரணம். அதைவிட நல்லதை நான் கேட்டதில்லை.

மதியம் சுருளி போன். ஸ்டோரில் அடுப்பெரித்துத் தட்டுகளைப் பார்த்துக்கொள்பவர். "சாரே, டிவி மறுக்கா நின்னுபோச்சு. ஃபேனும் நின்னுபோச்சு. வெரசா வாங்க, காயி வெளுத்துரும்."

போடிமெட்டுக்குக் கீழே, என் மனைவி செல்வியின் பிறந்த வீட்டுத் தோட்டத்தை ஒட்டி, சின்னத் தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஏலக்காய் ஸ்டோர். பச்சைக்காயைத் தட்டுத்தட்டாகச் சூட்டறையில் அடுக்கி உலர்த்தும் இடம். ரிட்டயர் ஆனபின் அதற்கு ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தட்டில் யார் காய், என்ன எடை, அறையில் எவ்வளவு சூடு. அதைப் பார்த்து ஃபேன் ஓடும், நிற்கும். எல்லாம் ஒரு டிவியில் தெரியும். சம்பளம் கிடையாது. ஜீப்பில் முன்சீட்டு உண்டு. கம்ப்யூட்டர் சாரு என்ற பேர் உண்டு.

ஆடியிலிருந்து இப்படி நடக்கிறது. சில சமயம் நிரல் அப்படியே நின்றுபோகும். சில சமயம் ஒருவர் தட்டின் எடை இன்னொருவர் பேரில் ஏறும். நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும். கரண்ட் ஏற்ற இறக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

சாயங்காலம் தங்கராசு வந்தான். செல்வியின் தம்பி. கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் மென்பொருள் பார்த்து, போன மாசிதான் ரிட்டயர் ஆகிப் போடிக்கே வந்துவிட்டான். இனி இந்தக் குறிப்பில் த.ரா.

"மச்சான், ஸ்டோர் சோலி ஏதோ தொந்தரவுன்னு அக்கா சொல்லுச்சு. நான் ஒருக்கா பாக்கட்டா?"

அக்கா சொல்லுச்சு. நான் சொல்லவில்லை.

"பாரு மாப்ளே, அதுக்கென்ன" என்றேன். என் வாயா என்று எனக்கே சந்தேகம்.

ஆக. 20, புதன்

மலையில் மழை. கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வருவது தெரியாத பனி. த.ரா. முன்சீட்டில். "இஞ்சினியரு லேப்டாப்பு வச்சிருக்காருல்ல சாரு, நீங்க பின்னாடி ஏறிக்கங்க" என்றார் டிரைவர். கூலிக்குப் போகும் பெண்கள் நடுவில், மடியில் யாரோ ஒருவரின் தூக்குவாளி. ஸ்டோர் வரை சாம்பார் வாசம்.

த.ரா.வுக்குத் தலைமுடி முழுசாக இருக்கிறது. இதை ஏன் எழுதுகிறேன்.

ஸ்டோரில் என் நிரலைத் திறந்தான். மேலிருந்து கீழ்வரை ஒரு முறை உருட்டினான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நல்லா இருக்கு மச்சான், அழகாப் பிரிச்சு எழுதியிருக்கீங்க." அவன் கம்பைலரைப் போட்டான். பாடப்புத்தகத்தில் நிரல்பெயர்ப்பி. நான் எழுதிய வரிகளை மிஷின் மொழிக்கு மாற்றுவது. என்னுடையதும் கம்பைலர்தான். அவனுடையது புதுசு, கூடவே ஏதேதோ சோதனைகளை முடுக்கிவிட்டான். ஒவ்வொரு பொருளும் எந்த வரியில் பிறக்கிறது, எந்த வரியில் அழிகிறது, நடுவில் யார் யார் அதைச் சுட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று நிரலை ஓட்டாமலே படித்துப் பார்க்குமாம்.

முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பிறகு த.ரா. என் பங்ஷன் ஒன்றின், அதாவது நிரலின் ஒரு தனிப்பகுதியின், தலைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தான். "இது திருப்பித் தர்ற சுட்டு அந்தத் தட்டை நம்பித்தான் இருக்குன்னு அதுக்கு நாம சொல்லணும் மச்சான். இல்லேன்னா வீட்டுக்குள்ள நடக்கிறது மட்டுந்தான் அதுக்குத் தெரியும், வாசல் தாண்டுனாத் தெரியாது." மறுபடி கம்பைல்.

மூன்று வரி வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

தட்டு இங்கே சுட்டப்பட்டது.
தட்டு இங்கே அழிந்தது.
அழிந்த பிறகு இங்கே பயன்பட்டது.

மூன்றுக்கும் வரி எண். மூன்றாவது, வாசலில் இருக்கும் தராசை வாசிக்கும் வரி. காயைக் கொட்டியதும் தட்டுக்கான பொருளை நான் அழிக்கிறேன். தராசு பழைய சுட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. சாட்சாத் என் தபால்காரர்.

கரண்ட் கோளாறு இல்லை.

சுருளி எட்டிப் பார்த்தார். "என்னாச்சு இஞ்சினியரே?"

த.ரா. திரும்பி, "சுருளியண்ணே, உங்க ஜீப்புச் சாவியை எங்கிட்ட இரவல் குடுத்திருக்கீங்க. நடுவுல ஜீப்பை வித்துட்டீங்க. சாவி எங்கிட்டயேதான் இருக்கு. நான் போயி ஏறுனா?"

"வாங்குனவன் செருப்பால அடிப்பான்."

"அதான் நடந்துக்கிட்டிருக்கு. இந்தக் கம்பைலரு, ஜீப்பை வித்தது எப்ப, சாவியைப் போட்டுத் திருப்புனது எப்பன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டிரும். வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடியே."

"அடி சக்கை!" என்றார் சுருளி. புரிந்துவிட்டது.

என் வாடகை வீட்டுக்கு ஒரு பீரியட் பிடிக்கும். ஜீப்புச் சாவி. இத்தனை வருஷம் இந்த ஊரில் குடியிருந்து, காலையும் மாலையும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஏன் தோன்றவில்லை?

இரவுச் சாப்பாடு: த.ரா.வுக்கு நாட்டுக்கோழி. எனக்கு ரசம், சர்க்கரைக்காக.

ஆக. 21, வியாழன்

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று. கேஸ் பதியவில்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முதுகுக்குப் பின்னால்:

"இஞ்சினியரு போனாரு, பாத்தாரு, முடிஞ்சது."

"சாரு கரண்டு கரண்டுன்னு மின்சார ஆபீசுக்கு எழுதிப் போடச் சொன்னாருப்பா."

"எழுதிப் போட்டமா?"

"போட்டமே! லைன்மேன் வந்து பாத்துட்டு டீ குடிச்சிட்டுப் போனாரு."

சிரிப்பு. நான் டீயை முடிக்காமல் எழுந்தேன். நல்ல டீ.

யோசித்துப் பார்த்தால் த.ரா. மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கம்பைலர் மேல்தான். அது சலிக்காமல் சொல்கிறது. அதே தப்பைப் பத்துத் தடவை செய்தாலும் அதே மூன்று வரி, அதே குரல். வகுப்பில் பொறுமைசாலி என்று எனக்குப் பேர். மூன்றாம் தடவை கேட்டால் என் புருவம் ஏறும், பிள்ளைகளுக்குத் தெரியும். இதற்குப் புருவமே இல்லை.

இல்லை. த.ரா. மேலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரில் கூட்டம். இந்த சீசனுக்கு மிஷினை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்கிறார்களாம். ஸ்டோர் தலைவர் போனில் சொன்னார், கொஞ்சம் தயங்கி. "நீங்களும் வரணும் சாரு." அந்த 'உம்'.

த.ரா. புது நிரலை எழுதி முடித்துவிட்டான். காயைக் கொட்டியதும் தட்டு அழியும், அழிந்த தட்டைத் தராசு தொடவே முடியாது, தொட்டால் மறுத்துவிடும். கம்பைலர் ஒரு வார்னிங்கூடத் தரவில்லை. வெள்ளை வெளேரென்ற திரையை என்னிடம் காட்டினான். முகம் பார்க்க வேண்டுமே, முதல் பரிசு வாங்கிய பையன் மாதிரி. "பாத்தீங்களா மச்சான், சுத்தம்."

"சுத்தம் மாப்ளே."

ஆக. 22, வெள்ளி

காலையில் மோட்டார்க்காரர் வரவில்லை. தொட்டியில் தண்ணீர் இல்லை. குடத்தில் எடுத்துக் குளியல்.

புது நிரலை இன்று ஸ்டோரில் ஏற்றினான் த.ரா. நான் போகவில்லை. முட்டி வலி என்றேன். வலிக்கவும் செய்தது.

மாலையில் சுருளி போன். குரலைத் தாழ்த்தி:

"சாரே, நான் பேசுனேன்னு இஞ்சினியர்கிட்ட சொல்ல வேணாம். அந்தப் புது மிஷினு தட்டை ஏத்த மாட்டேங்குது. தராசுல வச்சா 'தட்டு இல்லை'ங்குது. கையில தட்டை வச்சுக்கிட்டு நிக்கிறேன் சாரே, என்னைப் பாத்து இல்லைங்குது."

"அப்படியா" என்றேன். குரலில் வருத்தம் கொண்டுவரப் பாடுபட்டேன்.

சாப்பிடும்போது செல்வியிடம் சொன்னேன். சொன்னேன் என்ன, நடித்தே காட்டினேன், சுருளி தட்டோடு நிற்பதை. அவள் சிரிக்கவில்லை. மோரை ஊற்றிக்கொண்டே, "காயி இருக்கிற தட்டை எப்படிங்க இல்லைன்னு சொல்லும்?" என்றாள்.

"கொட்டின தட்டு. காலி."

"எவ காலி பண்ணுவா? ஒரு கை காயி அதுல கெடக்கும்ல."

"எதுக்கு?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அறையில வெறுந்தட்டு வைப்பாங்களாங்க? சீசன் முடியிற வரைக்கும் தட்டு வெறுமனே இருக்கக் கூடாது. கொட்டும்போது ஒரு கை விட்டுருவோம். அதோட சேத்துத்தான் மறுநா பச்சைக்காயைப் போடுறது. எங்க ஆத்தா காலத்துல இருந்து அப்படித்தான். நீங்க பாத்ததில்லை?"

பார்த்ததில்லை. நான் ராசிங்காபுரத்துக்காரன், கடலைக்காடு. ஸ்டோருக்குப் போனால் டிவியைத்தான் பார்ப்பேன், தட்டைப் பார்த்ததில்லை.

கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. காய் கொட்டியாயிற்று என்று நிரல் தட்டை அழிக்கிறது. ஆட்களுக்கோ தட்டு சாகவே இல்லை, ஒரு கை காயோடு உயிரோடு இருக்கிறது. அதைத் தராசில் வைத்து எடை பார்த்து மறுபடி ஏற்றுகிறார்கள். என் நிரல் செத்த தட்டைத் தொட்டது. அதுதான் கோளாறு. த.ரா. நிரல் தொட மாட்டேன் என்கிறது. அதுவும் கோளாறு.

தட்டு வேறு, அதில் ஒரு நடைக்கு, அதாவது ஒரு தடவை உலர்த்த, போடும் காய் வேறு. இரண்டுக்கும் ஆயுள் வேறு. தட்டின் ஆயுள் சீசன் முழுக்க. காயின் ஆயுள் வைப்பதிலிருந்து கொட்டுவது வரை. இரண்டையும் ஒரே பொருளாக நான் எழுதினேன், அவனும் அப்படியே எடுத்துக்கொண்டான். எது எப்போது அழிகிறது என்று கம்பைலர் சொல்லும். எப்போது அழிய வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

த.ரா.வுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

போனை எடுத்தேன். வைத்தேன். ஞாயிறு கூட்டத்தில், எல்லார் முன்னிலும் சொல்லலாம் என்று தோன்றியது. ஒரு நாள்தானே நடுவில்.

நன்றாகத் தூங்கினேன் என்று நாளைக்கு எழுத முடியாது. இப்போதே தெரிகிறது.

ஆக. 23, சனி

தூறல். மோட்டார்க்காரர் வந்தார், ஒரு சின்னப் பார்ட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

பத்து மணிக்குச் செல்வி போனில் யாரிடமோ. வைத்துவிட்டு வந்து நின்றாள். "ஸ்டோர்ல சாக்கு சாக்கா காயி கெடக்காம். தம்பி தட்டை எல்லாம் சுத்தமாக் கொட்டிட்டு வாங்க, புதுத் தட்டாப் பதியணும்னு சொல்றானாம். பொம்பளையாளுக வெறுந்தட்டை அறைக்குள்ள விட மாட்டோம்னு நிக்கிறாளுகளாம். நேத்து வந்த லோடே இன்னும் ஏறலை."

பச்சைக்காய் சாக்கில் கிடந்தால் தானே சூடேறும். மஞ்சளிக்கும். மஞ்சளித்தால் பச்சை திரும்பாது, ஏலத்தில் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். இது எனக்கும் தெரியும்.

"நேத்து நான் சொன்னதைத் தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"லைன் கெடைக்கலை."

பொய். அவள், "நான் சொல்லட்டா?"

"வேணாம். நானே போறேன்."

அவள் சொல்லி அவன் சரிசெய்தால் அதில் என் பேரே இருக்காது. அந்த நேரத்திலும் இதைத்தான் நினைத்தேன்.

ஜீப்பு கிடைக்கவில்லை, பஸ்சு. சன்னலோரம் நனைந்தது. வழிமுழுக்கச் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்தேன். "மாப்ளே, கம்பைலர் எல்லாம் சொல்லும், மனுசங்களைப் பத்தி மட்டும் சொல்லாது." நன்றாக இருந்தது. பெண்கள் எல்லாம் கேட்கும்படி வாசலில் நின்று சொல்ல வேண்டும்.

வாசலில் பேச்சு சத்தம். "இஞ்சினியரு மிஷினை அவரு வீட்டுலயே வச்சுக்கச் சொல்லு!" "சேட்டனுக்கு ஏலக்காயுடெ காரியம் அறியில்லா" என்று மலையாளத்தில் ஒருத்தி, அண்ணனுக்கு ஏலக்காய் விஷயம் தெரியாதாம். சிரிப்பு. எனக்கு இனித்திருக்க வேண்டும்.

உள்ளே த.ரா. சாக்குகளுக்கு நடுவில் தரையில். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. ஒரு சாக்குக்குள் முழங்கைவரை கைவிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "மச்சான், உள்ள சுடுது" என்றான். "எதுக்கு இவங்க காலி பண்ண மாட்டேங்குறாங்க? கேட்டா என்னைப் பைத்தியக்காரனைப் பாக்கிற மாதிரி பாக்குறாங்க."

தயார் செய்த வாக்கியம் வரவில்லை. தட்டில் ஒரு கை விடுவார்கள் மாப்ளே, தட்டு சாகாது, காய்தான் மாறும், இரண்டையும் பிரிக்கணும் என்று கடகடவென்று சொன்னேன்.

நெற்றியில் அடித்துக்கொண்டான். "எங்க ஆத்தா செய்யும் மச்சான்! கொட்டிட்டுக் கடைசியில ஒரு கை தள்ளிவிடும். எனக்கு எப்படி மறந்துச்சு?"

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் சொல்ல நான் அடித்தேன், பிறகு நான் சொல்ல அவன். தட்டு ஒரு பொருள். நடை ஒரு பொருள். நடை தட்டை இரவல் வாங்கும், கொட்டியதும் நடை அழியும், தட்டு நிற்கும். கம்பைல் செய்தோம். அதே மூன்று வரி. தராசைத் தட்டோடு கட்டுவதற்குப் பதில் நடையோடு கட்டிவிட்டேன். நான்தான், இந்தக் கையால். பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க.

த.ரா. சிரிக்கவில்லை. வரியை மட்டும் காட்டினான். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திருத்தி மறுபடி. வார்னிங் இல்லை. சுருளி ஒரு கை காயோடு தட்டைத் தராசில் வைத்தார். எடை வந்தது. பேர் வந்தது. "ஏத்துங்கடீ!" என்று யாரோ கத்த, அறை நிறைய ஆரம்பித்தது.

இரண்டு சாக்கு தேறவில்லை. ஒன்று சுருளியுடையது. வீட்டுப் பின்னாடி வைத்திருக்கும் கொஞ்ச நிலத்தின் காய். சாக்கைக் கவிழ்த்து மஞ்சளைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, "போகட்டும் சாரே, நீங்க வந்தீங்களே" என்றார்.

நேற்று இரவே ஒரு போன் செய்திருந்தால்.

ஆக. 24, ஞாயிறு

வெயிலும் தூறலுமாக. கூட்டம் ஸ்டோர் முற்றத்தில். பிளாஸ்டிக் சேர். இஞ்சி டீ, முறுக்கு.

தலைவர் பேச எழுந்தார். அதற்குள் த.ரா. எழுந்துவிட்டான். "ஒரு விசயம். கோளாறைக் கண்டுபிடிச்சது நான் இல்லை. எங்கிட்ட இருந்தது டூல். அது எங்க ஓட்டைன்னு காட்டுச்சு. ஏன் ஓட்டைன்னு கண்டுபிடிச்சது மச்சான்."

கைத்தட்டல். சுருளியும் தட்டினார், மற்றவர்களைவிட ஓங்கி.

பெருந்தன்மையிலும் அவன் எனக்கு முன்னால். இதில் எப்படிப் போட்டி போடுவது?

"அப்பப் பேச்செதுக்கு" என்றார் தலைவர். "இந்த சீசனும் கம்ப்யூட்டர் சாரே பாத்துக்கட்டும். இஞ்சினியரு கூடமாட ஒத்தாசை."

ஒரு வாரமாக வேண்டியது இதுதான். வந்துவிட்டது. செல்வி பெண்கள் பக்கம் உட்கார்ந்து முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எழுந்தேன். "மிஷின் தங்கராசு கையில இருக்கட்டும். பொறுப்பு ஒருத்தருக்குத்தான் இருக்கணும். அவரு கூப்பிட்டா நான் வர்றேன். நான் எழுதுறதையும் அவரு கம்பைலர்ல போட்டுத்தான் ஏத்தணும்."

"மாப்ளைக்கு விட்டுக்குடுத்தாரு பாரு, பெரிய மனுசன்" என்று யாரோ. எல்லோரும் அதையே சொன்னார்கள். செல்வி சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய மீதியைச் சொல்லவில்லை. முறுக்கைத் தின்றேன்.

ஆக. 25, திங்கள்

மழை இல்லை. மோட்டார் பார்ட் வந்தது. தப்பான சைஸ்.

பொறாமை போய்விட்டதா என்று காலையில் சோதித்துப் பார்த்தேன். த.ரா. பைக் சத்தம் தெருவில் கேட்டது. போகவில்லை.

செல்வியிடம் பேசினேன். அவள் பிறந்த வீட்டுத் தோட்டத்தில் எங்கள் பங்குக் காயில் ஒரு சாக்கைச் சுருளிக்குக் கொடுத்துவிடலாமா என்று. "ஒண்ணுதானா?" என்றாள். இரண்டு.

த.ரா.வுக்குப் போன் செய்தேன். "மாப்ளே, அக்கா பேர்ல இருக்கிறதுல ரெண்டு சாக்குக்கு உண்டான நடையைச் சுருளி பேருக்கு மாத்திரு."

ஏன் என்று கேட்கவில்லை. விசைப்பலகைச் சத்தம். "மாத்தியாச்சு மச்சான். இனிமே அதுல உங்க பேரு செல்லாது. தொட்டீங்கன்னா கம்பைலரே விடாது."

"மாப்ளே."

"சொல்லுங்க மச்சான்."

"அந்த ஒரு கை விசயம் எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். சாப்பிடும்போதே. போன் பண்ணலை."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. ஸ்டோர் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்.

"தெரியும் மச்சான். சனிக்கிழமை நீங்க பஸ்சுல வந்துக்கிட்டு இருக்கும்போது அக்கா போன் பண்ணிருச்சு."

"அப்ப நான் வந்து சொன்னப்ப..."

"நெத்தியில அடிச்சுக்கிட்டேன்ல? நல்லா அடிச்சேனா?"

"நீயே சரி பண்ணியிருக்கலாமேடா. சாக்கு தப்பிச்சிருக்கும்."

"பண்ண ஆரம்பிச்சிட்டேன் மச்சான். பிரிக்கத் தெரியலை. தட்டையும் காயையும் ஒண்ணாவே பாத்துப் பழகிட்டேன். நீங்க வந்து சொன்னப்புறந்தான் எந்த எடத்துல வெட்டணும்னு தெரிஞ்சுது. அது நெசம்."

நிஜமா, இதுவும் எனக்காகவா, தெரியவில்லை. அவனிடம் கேட்கவும் முடியாது. போனை வைத்துவிட்டேன்.

செல்வி அடுப்படியில். இன்றும் ரசம்தான்.

ஆக. 26, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. மலை முழுசாகத் தெரிகிறது, மெட்டு வரை.

த.ரா. அவன் கம்பைலரை என் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் தெரு திரும்பும் வரை காத்திருந்து, என் பழைய நிரல் ஒன்றைப் போட்டேன். வகுப்பில் வருஷாவருஷம் போர்டில் எழுதியது, மாணவர் பதிவேடு. அதில் தப்பே இருக்க முடியாது என்று தலைமையாசிரியரிடமே சொல்லியிருக்கிறேன்.

திரை நிறைய வார்னிங் வந்தது. உருட்ட உருட்டத் தீரவில்லை. பொருள் இங்கே அழிந்தது, அழிந்த பிறகு இங்கே பயன்பட்டது. கணினியை மூடினேன். தண்ணீர் குடித்தேன். திறந்தேன். கீழிருந்து மேலாக நாலைந்தைத் திருத்தினேன், எண்ணிக்கை கூடிவிட்டது.

த.ரா.வைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். கூப்பிடவில்லை. அந்த அளவுக்கு நான் இன்னும் திருந்தவில்லை.

பிறகு மேலே போனேன். முதல் வார்னிங்கை மட்டும் வைத்துக்கொண்டு முக்கால் மணி. அதில் ஒரே ஒரு பொருள், தேவைக்கு முன்பே அழிந்துகொண்டிருந்தது. அதை அழிக்கும் வரியைக் கொஞ்சம் கீழே தள்ளி வைத்தேன். கம்பைல். திரையில் பாதிக்கு மேல் காணோம். மற்றதெல்லாம் அந்த ஒன்றின் பின்னால் நின்றவை.

இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். இருந்தாலும் வாத்தியார் கை சும்மா இருக்காது: நீங்கள் எழுதியதில் எதை அதிகம் நம்புகிறீர்களோ அந்த நிரலை எடுங்கள், எல்லாச் சோதனைகளையும் முடுக்கிக் கம்பைல் செய்யுங்கள், முதல் வார்னிங்கை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.